எது ஆட்டியது என்று கேட்டவள்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவளுக்கு, ஒரு பொருள் ஆடினால் அதை ஆட்டியது எது என்று தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் சோறு இறங்காது. அலமாரியில் டம்ளர் கிணுகிணுத்தால் நாமெல்லாம் கையை வைத்து நிறுத்திவிட்டு வேலையைப் பார்ப்போம். அவள் டம்ளரைத் தொடமாட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, தரையில் உள்ளங்கையை ஊன்றிக்கொள்வாள். கண் எங்கேயோ போய்விடும். அப்புறம் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், பொங்கல் பானை பொங்கி வழியும்போது பிள்ளைகள் முகத்தில் வருமே, அந்தச் சிரிப்பு.

வீடு பார்க்க வந்த அன்றே அப்படித்தான். வாடகைக்கு வருகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், ஜன்னலைத் தள்ளிப் பார்ப்பார்கள். இவள் வெறுங்காலோடு அறையின் நடுவில் போய் நின்றாள். எங்கள் வீடு திருவூடல் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. தெருவில் ஏதோ வண்டி போனது.

"லாரி. லோடு ஏத்தினது," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "கீழ என்னாங்க இருக்கு? மண்ணா, பாறையா?" என்றாள்.

அந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. இட்லிக்கடை போட்டுச் சம்பாதித்துக் கட்டிய வீடு அது. அஸ்திவாரம் தோண்டும்போது நான்தான் குழிக்குப் பக்கத்தில் நின்றேன். இது போதும் என்று மேஸ்திரி மண்ணைத் தட்டிவிட்டு எழுந்த பிறகும் விடாமல் தோண்ட வைத்தேன்.

"கடப்பாறை வளைஞ்சு போச்சு. பாறைதான்," என்றேன்.

அவளுக்கு வந்த சந்தோஷத்தில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்கக்கூட மறந்துவிட்டாள். அப்போதே எனக்கு அவளைப் பிடித்துப் போனது.

கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பத்துப் பெண். அவள் பார்த்த வேலை என்ன என்று எங்களுக்குப் புரியவே நாளாயிற்று. என்னோடு இருக்கும் என் தங்கை சரசுதான் அதை விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பூமிக்குத் தெற்கே கடைசியில் எல்லாம் பனி. அங்கே கடல் நடுவில் ஒரு தீவு. தீவு என்றாலும் அது ஒரு எரிமலைதான், மேலே பனியைப் போர்த்திக்கொண்டு உள்ளே கொதித்துக்கொண்டு நிற்கிறது. அதைச் சுற்றி ஐந்தாறு இடத்தில் பெட்டிகளைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். தரை எவ்வளவு லேசாக அதிர்ந்தாலும் பெட்டிக்குத் தெரியும். அந்த அதிர்வு செயற்கைக்கோள் வழியாக எங்கள் மாடிக்கு வந்து கம்ப்யூட்டரில் கோடாக ஓடும். மூன்று நாட்டில் மூன்று பேர் முறை வைத்துப் பார்ப்பார்கள். நமக்குப் பகல் என்றால் அது இவள் முறை.

"அங்க ஜனங்க இருக்காங்களா?" என்று சரசு கேட்டாள்.

"ஊரு கெடையாது சின்னத்த. பெங்குயின் இருக்கு."

"பறவைக்காடி இவ்வளவு சம்பளம் குடுத்துக் காவல் வெச்சிருக்கான்?"

"அங்க வெயில் காலம் நமக்குக் கார்த்திகை மார்கழி. அப்ப ஆளுங்க போவாங்க. கூடாரம் போட்டுத் தங்கி, பெட்டியெல்லாம் ரிப்பேர் பாப்பாங்க. அவங்க மேல இருக்கிறப்ப மலை முழிச்சிக்கிச்சுன்னா?"

"நம்ம மலையும்தான் நெருப்பு மலைன்னு பேரு. அதுக்கு ஒருத்தரும் காவல் இல்ல."

"நம்மளுது ரொம்பப் பழைய பாறை சின்னத்த. ஆடாது. அது சும்மா இருக்கிறதாலதான் எனக்கு இங்க வேலை ஓடுது."

அண்ணாமலையைச் சும்மா இருக்கிறது என்று சொன்னதற்குச் சரசு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

கை அளவு இருக்கும் பெட்டி ஒன்றை எங்கள் வீட்டிலும் வைத்தாள். தரைத்தளத்தில் பாறைக்குப் பக்கமாக இருக்க வேண்டுமாம். பூஜை அலமாரிக்குக் கீழே இடம் கொடுத்தேன். எது எப்படி ஆட்டும் என்று பழகிப் பார்க்கத்தான் அது என்றாள். அதிலிருந்து எங்கள் பிழைப்பு அவளுக்குத் தெரியாமல் நடக்காது. கிரைண்டரைப் போட்டால் மாடியிலிருந்து குரல் வரும்: "அத்த, இன்னிக்கு மாவு ஜாஸ்தியா?" சரசு கட்டிலில் இருந்து இறங்கினால்கூட அவளுக்குத் தெரிந்தது. சரசுவுக்கு அதில் கோபம், எனக்குப் பெருமை. என் கிரைண்டர் ஓடும் கோட்டைக் காட்டினாள். ஒழுங்கான பின்னல் மாதிரி அழகாக இருந்தது.

ஒரு சமயம் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தினமும் ஒரு அதிர்வு வந்தது. கொஞ்ச நேரம் வரும், நிற்கும், மறுபடி வரும். எங்கள் வீட்டில் இல்லை. போர்வெல் போடுகிறார்களா என்று பார்த்தாள், இல்லை. வாஷிங் மெஷினா, இல்லை. "ஏதாவது காத்தா இருக்கும், விடு," என்றேன். காற்று என்ற பதிலை அவள் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. வெயிலில் வெறுங்காலோடு சந்து முழுக்கச் சுவர் சுவராகக் கையை வைத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தவள் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னாடி, யாரு?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு வந்துட்டேன் அத்த."

சத்தியம் அவளுக்குத்தானே. சாயந்திரத்துக்குள் சரசு கண்டுபிடித்துவிட்டாள். மளிகைக்கடைக்காரர் வீட்டம்மா, நல்ல கனமான உடம்பு, சுகர் ஜாஸ்தியென்று டாக்டர் சொன்னதால் கதவைச் சாத்திக்கொண்டு கயிறு குதித்திருக்கிறார். மறுநாள் அந்த அம்மா சந்தில் என்னை நிறுத்தி, "நல்ல பொண்ணை குடி வெச்சிருக்கீங்கக்கா. மனுஷி சொந்த வீட்டுல நிம்மதியா குதிக்க முடியல," என்றார்.

அவள் அம்மா வந்திருந்தபோது இன்னொன்று சொன்னார். வீட்டில் பெண் பார்க்க வந்தார்களாம். நல்ல இடம், அரசாங்க வேலை. இவள் காபி வைத்தாள். வைத்த டம்ளர் மேஜைமேல் நடுங்கியது. உடனே குனிந்து மேஜைக்குக் கீழே பார்த்தாளாம். மாப்பிள்ளை காலை ஆட்டிக்கொண்டிருந்தார். "ஏன் காலை ஆட்டினே இருக்கீங்க? பயமா, பழக்கமா?" என்று கேட்டுவிட்டாள். அவர்கள் பஜ்ஜியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள்.

"அப்படி கேக்கலாமாடி?" என்று நான் கேட்டதற்கு, "நான் அவரை ஒண்ணும் கொறை சொல்லல அத்த. பயமா பழக்கமான்னு தெரிஞ்சா போதும்னு கேட்டேன்," என்றாள். அவள் மனதில் வஞ்சனை இல்லை. ஆனால் இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தத் தாய் என்ன செய்வாள் என்று எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

அவள் எங்களோடு இருந்த கடைசிக் கார்த்திகையில் அந்தத் தீவுக்கு நான்கு பேர் போயிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குச் செம்பட்டைத் தாடி. வீடியோவில் பேசும்போது எனக்கும் கும்பிடு போடுவார். கூடாரத்துக்கு வெளியே கொண்டுபோய் மலையைக் காட்டுவார். வெள்ளையாக, கழுவிக் கவிழ்த்த குண்டான் மாதிரி இருக்கும். அந்த மாதத்தில் அங்கே இருட்டே கிடையாதாம். நமக்குப் பகல் என்றால் அவர்களுக்கு ராத்திரி, அந்த நேரத்திலும் தூங்காமல் சிரித்துக்கொண்டிருப்பார். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள் என்று இவள் சொன்னாள்.

தேருக்கு முதல் நாள் அங்கே தரை அதிர ஆரம்பித்தது. சின்னச் சின்ன அடி. ஒரு அடி, கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஒரு அடி. மலை விழிக்கிறதா, இல்லை மேலே இருக்கும் பனிக்கட்டி நகர்கிறதா என்று தெரியவில்லை. மலை என்றால் நான்கு பேரும் உடனே இறங்கிக் கப்பலுக்குப் போய்விட வேண்டும். பனி என்றால் பயமில்லை, அது எப்போதும் செய்கிற வேலை. வேறு நாட்டில் இருந்த அவளுடைய பெரிய சார், பனியாகத்தான் இருக்கும் என்றார். இறங்கினால் அந்த வருஷத்து வேலை அத்தனையும் பாழ் என்பது அவர் கவலை. இவள் திரையை விட்டு நகரவில்லை. நான் கொண்டுபோன சாப்பாடு அப்படியே இருந்தது.

மறுநாள் தேர். எங்கள் ஊரில் அம்மன் தேரைப் பெண்கள் மட்டும்தான் இழுப்போம். நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு வருஷமும் வடத்தை விட்டதில்லை. அவளுடைய முறை முடிந்திருந்தது. "மூஞ்சி கழுவிட்டு வா, இழுத்துட்டு வந்தா தெளிஞ்சிடும்," என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன்.

தேர் இழுத்தவர்களுக்குத் தெரியும். இழுத்தவுடனே நகராது. வடம் விறைக்கும், கை எரியும், அத்தனை பெண்களும் சாய்ந்து கிடப்போம், தேர் அசையாமல் நிற்கும். அப்புறம் எங்கிருந்தோ ஒரு உலுக்கல், கடகடவென்று கொஞ்ச தூரம் ஓடும். சக்கரத்தடியில் கட்டையைப் போடுவார்கள், நின்றுவிடும். மறுபடி இழுக்க வேண்டும். இரண்டாவது உலுக்கலில் இவள் வடத்தை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்து ரோட்டில் கையை ஊன்றினாள்.

"ஏ பொண்ணு, மிதி பட்டு சாவறதுக்கா வந்த?" என்று பின்னால் இருந்த அம்மா கத்தினார். பின்னலைப் பிடித்து இழுத்துத்தான் அவளை ஓரமாகக் கொண்டுவந்தேன். அவள் முகம் அப்படியே மலர்ந்திருந்தது.

"ஐஸ்தான் அத்த. இதே மாதிரிதான். அடியில கல்லுல சிக்கிக்கிட்டு நிக்கும், இழுப்பு தாங்காதப்ப ஒரு ஒதறு ஒதறி நகரும், மறுபடி சிக்கிக்கும். விட்டு விட்டு வருதே, அதான்."

வீட்டுக்கு ஓடிப்போய்ப் பெரிய சாரிடம் சொன்னாள். அவருக்கு நிம்மதி. தாடிக்காரரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வேலைக்குப் போனார். இவள் என்னிடம் கேட்டு வாங்கி நான்கு தோசை சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் நான் காபி எடுத்துப் போனபோது அவள் எங்கள் வீட்டுப் பெட்டியின் கோடுகளைத் திரையில் பரப்பி வைத்திருந்தாள். தேர் எங்கள் தெருவில் போன கோடுகள்.

"அத்த, தேர் எப்படிப் போவும்?"

"தேரடியில கெளம்பி நம்ம தெரு வழியா மேக்கால பே கோபுரம் போய் சுத்தி வரும். ஏன், நீயும்தான பாத்த?"

"பாத்தேன். ஒரே எடத்துல ஆடல, போய்க்கினே ஆடுது. இங்க பாருங்க, தூரத்துல இருக்கிறப்ப கோடு ஒரு மாதிரி, நம்ம சந்து முனைக்கு வந்தப்ப வேற மாதிரி, தாண்டிப் போனப்ப வேற மாதிரி. ஐஸ் அப்படி இல்ல அத்த. அது அதே கல்லுலதான் சிக்கும், அதே கல்லுலதான் ஒதறும். எத்தனை தடவை வந்தாலும் கோடு அச்சடிச்ச மாதிரி ஒண்ணா இருக்கணும்."

"அங்க எப்படி இருக்கு?"

அவள் திரையை மாற்றினாள். எனக்கே தெரிந்தது. ஒன்றைப் போல ஒன்று இல்லை. ஆட்டம் எந்தப் பெட்டிக்கு முதலில் வருகிறதோ அந்தப் பக்கத்தில்தான் அது பிறக்கிறது என்று எனக்கு அவள் முன்பே சொல்லியிருந்தாள். முதல் நாள் அடிகள் கடற்கரைப் பெட்டிக்கு முதலில் வந்திருந்தன. அப்புறம் நடுவில் இருக்கும் பெட்டிக்கு. இப்போது கூடாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்கு.

"கீழ நெருப்புக் கொழம்பு பாறையைக் கிழிச்சிக்கினு போவுது அத்த. கூடாரத்தைப் பாத்து. விட்டு விட்டு வருதான்னு மட்டும் பாத்தேனே, எங்க போவுதுன்னு பாக்கலையே."

பயமும் சந்தோஷமும் அப்படிக் கலந்த குரலை நான் கேட்டதில்லை. ஆட்டுகிறது எது என்று தெரிந்துவிட்டது, தெரிந்தது அப்படிப்பட்டது.

சரசு வாசலில் நின்று, "நேத்து ஐஸுன்னு சொல்லிட்டு இன்னிக்கு நெருப்புன்னு மாத்திப் பேசினா உன் பேச்சை எவன் கேப்பான்?" என்றாள்.

"கேக்காட்டி போறான் சின்னத்த. நேத்து தப்பா சொன்னேன்னு இன்னிக்கும் தப்பா சொல்லணுமா?"

பெரிய சாரோடு அவள் பேசியது இங்கிலீஷில். தப்பு என்னுது என்று அவள் சொன்னது மட்டும் எனக்குப் புரிந்தது, அதைத் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னாள். அந்தப் பக்கம் குரல் ஏறியது. இன்னும் இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றாராம். இவள் போனை வைத்துவிட்டுத் தாடிக்காரரையே கூப்பிட்டாள். எழுப்பினாள் என்று சொல்ல வேண்டும். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டார். எதிர்க்கேள்வி ஒன்றுகூடக் கேட்கவில்லை. பின்னால் திரும்பி மற்றவர்களை அதட்டும் சத்தம் கேட்டது. எனக்கு மத்தியானச் சமையல் முடிவதற்குள் நான்கு பேரும் ரப்பர் படகில் ஏறிக் கப்பலுக்குப் போய்விட்டார்கள்.

அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை.

அன்றும் நடக்கவில்லை, மறுநாளும் நடக்கவில்லை. அடிகள் குறைந்துகொண்டே வந்து தீபத்தன்று காலையில் சுத்தமாக நின்றன. பெரிய சார் கத்தியது கீழே எனக்கே கேட்டது. இவள் பேச்சைக் கேட்டு வேலை கெட்டது என்று எல்லோருக்கும் எழுதிவிட்டாராம். நான்கு பேரும் தீவுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பது அவர் உத்தரவு. அங்கே காலையில் படகு கிளம்பும். அந்தக் காலை, நமக்குத் தீபம் ஏற்றும் நேரம்.

"நின்னதுதான் எனக்குப் பயமா இருக்கு அத்த," என்றாள். "கொழம்பு போறதை நிறுத்திடுச்சா, இல்ல போய்ச் சேர்ந்துடுச்சான்னு தெரியல."

"தாடிக்காரர்கிட்ட சொல்லேன்."

"சொன்னேன். ஒரு தடவை உன் பேச்சைக் கேட்டுட்டேன், மறுபடி எப்படிக் கேக்கிறதுன்றார். கொஞ்ச நேரம் மட்டும் படகைத் தள்ளிப்போடறேன்னார்."

சாயந்திரம் சந்தே மாடிகளில் இருந்தது. எல்லா வீட்டிலும் விளக்கை அணைத்துவிட்டு மலை உச்சியைப் பார்த்துக் கைகூப்பி நின்றார்கள். இவள் மட்டும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தாள். கூடாரத்தில் இருந்தவர்கள் கரையில் ஒரு கேமராவை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அது விட்டு விட்டு ஒரு படம் அனுப்பும். வெள்ளை மலை. மறுபடி வெள்ளை மலை.

"ஒரு நிமிஷம் திரும்புடி. ஊரு ஒலகத்துலேர்ந்து ஜனம் வருது இதைப் பாக்க."

"நான் திரும்புற நேரம் பாத்து ஏதாவது ஆச்சுன்னா?"

"நீ எழுந்து நில்லு. நான் பாக்கறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவள் கையிலிருந்து கம்ப்யூட்டரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மலைக்கு முதுகைத் திருப்பி உட்கார்ந்தேன். நான் தீபம் பார்க்காத வருஷம் கிடையாது. பிரசவமாகிப் படுத்திருந்தபோதுகூட என்னைத் தூக்கிவந்து காட்டினார்கள்.

பின்னால் அரோகரா என்று ஊர் முழுக்க எழுந்தது. வெடி வெடித்தது. சரசு அழுவது கேட்டது, அவள் வருஷா வருஷம் அழுவாள். மாடிப் பெண்ணும் அரோகரா என்றாள். நான் திரும்பவில்லை. படம் வந்தது. வெள்ளை. சரசுவும் அவளும் கைப்பிடிச்சுவர் ஓரமாக அகல் ஏற்ற ஆரம்பித்தார்கள். படம் வந்தது. வெள்ளை.

அடுத்த படத்தில் கூடாரம் இருந்த சரிவில் பனி கருப்பாகக் கிழிந்திருந்தது. கிழிந்த இடத்திலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு தூண் மேலே போனது, படத்தின் விளிம்பையும் தாண்டி.

அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். அவள் குனிந்து பார்த்தாள். கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணம் அப்படியே சரசுவின் கைக்குப் போனது. போனை எடுத்தாள். தாடிக்காரரைக் கூப்பிட்டாள்.

அவர் கப்பலில்தான் இருந்தார். ஒருவரும் படகு ஏறவில்லை.

அவள் பேசினாள், சிரித்தாள், மறுபடி பேசினாள். பெரிய சார் கூப்பிட்டார், அவரோடும் பேசினாள். அவர் குரல் இப்போது கீழே இறங்கியிருந்தது. பிறகு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மடமடவென்று தட்டச்சு செய்தாள். கப்பல்களுக்கும் மற்ற நாடுகளுக்கும் உடனே அனுப்ப வேண்டுமாம். எங்கள் சந்தில் எல்லாக் கைப்பிடிச்சுவரிலும் அகல் எரிந்தது, அந்த வெளிச்சத்தில் அவள் விரல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் நிறுத்தினாள்.

"அத்த, உங்க பேரு என்னா?"

"எதுக்குடி?"

"மலை வெடிச்சதை மொதல்ல பாத்தது யாருன்னு போடணும். ஒலகத்துலயே நீங்கதான மொதல்ல பாத்தீங்க."

"நீ போட்டுக்கோ. உன் வேலைதான அது."

"நான் பாக்கலையே. நான் தீபம் பாத்துக்கினு இருந்தேன்."

முதுகை நிமிர்த்திக்கொண்டு என் பெயரை இனிஷியலோடு சொன்னேன்.